கானமயிலுக்காகப் பொருத்தம் கேட்டது

இதைத் தமிழில் எழுதுவதில் எனக்கொரு வசதி இருக்கிறது. என் மகளால் படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் பேச வரும், கோபப்பட வரும், என்னோடு மல்லுக்கு நிற்க மிக நன்றாகவே வரும். படிப்பதும் எழுதுவதும் மலையாளத்தில்தான். என் கணவர் பத்திரிகையில் சரக்கு விலையைத் தவிர வேறெதையும் ஆயுளில் படித்ததில்லை. ஆகவே கொச்சி மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டைப் பற்றி நான் என்ன எழுதினாலும் என் வீட்டாருக்குத் தெரியப்போவதில்லை. இந்தச் சுதந்திரம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இதைப் போய்வந்த கதை என்று சொல்ல முடியாது. போக ஏற்பாடு செய்த கதை. எங்கள் வீட்டில் ஏற்பாடுதான் பெரிய பயணம். அதில் களைத்துப்போகாமல் மிஞ்சியவர்கள்தான் ரயில் ஏறுவார்கள்.

எங்கள் ஆட்கள் ஊர் சுற்றாதவர்கள் அல்ல. கல்யாணத்துக்குப் போவோம். மௌத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவோம். ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர் வரை போவோம். நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போவோம். ஆண்கள் சரக்கு பார்க்கப் போவார்கள். ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் அந்த இடத்துக்குப் போவது என்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் செய்வது. டிசம்பர் வந்தால் எங்கள் தெருவுக்கே வருவார்கள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் ஓடையின் பக்கத்தில் நின்று, துருப்பிடித்த ஷட்டரைப் படம் எடுப்பார்கள். சுக்கு மூட்டையை எடுப்பார்கள். மூட்டைமேல் தூங்கும் பூனையை எடுப்பார்கள். "இவங்களுக்கெல்லாம் ஊர்ல வேலையே இல்லையா?" என்று என் கணவர் கேட்பார். அவரே ஒரு பறவையைப் பார்க்க இந்தியாவின் மறுமுனைக்குப் போகவேண்டும் என்று சொல்லப்போகிறார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன்.

அவருக்கு பஜார் ரோட்டில் மொத்த வியாபாரம். சுக்கு, மஞ்சள், வற்றல் மிளகாய். ஒரு கைப்பிடி சுக்கை உள்ளங்கையில் பரப்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்தப் பக்கத்துச் சரக்கு, சரியாக வெயில் கண்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பஜாரில் அவருக்கு இருக்கும் மரியாதை முழுவதும் அந்தப் பார்வைக்குத்தான். பேச்சுக்கு அல்ல. அவர் பேச்சோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்குத் தெரியும்.

போன வருடம் அவர் கண்டதையும் இடிக்க ஆரம்பித்தார். தரகர் பக்கத்தில் வைத்த சாயா கிளாஸைத் தட்டிவிட்டார். இடது பக்கமாக வந்த கைவண்டியில் போய் மோதிவிட்டு வண்டிக்காரரைத் திட்டினார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு கதவைத் திட்டினார். வயதாகிறது, கோபம் கூடுகிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மத்தியானம், சோற்றுத் தட்டுக்கு ஓரமாக நான் வைத்த மீன் வறுவலைத் தொடாமலேயே எழுந்து கைகழுவப் போனார்.  மட்டாஞ்சேரியில் பிறந்த ஆண்பிள்ளை வறுத்த மீனை மிச்சம் வைத்து எழுந்தால் அது கோபம் அல்ல, நோய்.

எறணாகுளத்தில் கண் டாக்டர் சொன்னது இதுதான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது. நேராக இருப்பது தெரியும். ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. "போயது இனி திரிச்சு வரில்லா" என்றார் அந்த டாக்டரம்மா, வெகு சாந்தமாக. போனது போனதுதான், இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு காலத்துக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது படகில் அவர் சொன்ன ஒரே பேச்சு, வெளியில் மூச்சு விடக்கூடாது என்பதுதான். கண்ணில் கோளாறு என்று ஒரே ஒரு தரகருக்குத் தெரிந்தால் போதும், சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த உள்ளங்கையில் சுக்கு வைக்க ஒருத்தரும் வரமாட்டார்கள். ஆக, விஷயம் தெரிந்தவர்கள் அவரும் நானும் மகளும் மட்டும்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவன தேசியப் பூங்காவைக் காட்டினார்கள். பூங்கா என்றால் பூ ஒன்றும் இல்லை, மணலும் காய்ந்த புல்லும்தான். நடுவில் ஒரு பறவை கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. கானமயிலாம். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் வாசலில் நிற்பதுபோல அவ்வளவு விறைப்பு. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"இதப் பாக்கணும்" என்றார்.

"எத?"

"இந்தப் பறவைய. அது நிக்கிற எடத்த. பாரு, எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல."

பிறந்ததிலிருந்து இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர். எங்கள் தெருவில் எதையும் கொஞ்ச தூரத்துக்கு மேல் பார்க்க முடியாது. லாரி நிற்கும், இல்லாவிட்டால் மூட்டை நிற்கும். அகலமாக ஒன்றையும் பார்க்காமலேயே அவருடைய அகலம் போய்க்கொண்டிருந்தது. இது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "சரி, போவோம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அந்த டிவியில் அந்தமான் வந்துவிட்டது. தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து ஒரு தேசியப் பூங்கா. அடியில் கண்ணாடி வைத்த படகு. கண்ணாடிக்குக் கீழே பவளப்பாறை, அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வரும் மஞ்சளும் நீலமுமான மீன்கள். கல்யாணமான நாளிலிருந்து தினம் மீன் கழுவுகிறவள் நான். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணை அழுத்திப் பார்ப்பேன், செதிலைச் சுரண்டுவேன். உயிரோடிருக்கும் ஒரு மீனை அதன் வீட்டில் வைத்து, கையில் கத்தி இல்லாமல் பார்த்ததே இல்லை.

"எனக்கு இதுவும் வேணும்" என்றேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். சின்னச் சின்னதா."

இப்படித்தான், மணலும் தண்ணீரும் ஒரே நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

ஏற்பாட்டை மகள் எடுத்துக்கொண்டாள். கலூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். எதையும் செல்போனில் செய்து முடித்துவிடலாம் என்று நம்புகிற தலைமுறை. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, தீவுக்கு நாலு நாள், பாலைவனத்துக்கு நாலு நாள் என்றாள். அவர் உடனே ரெண்டு ரெண்டு நாள் என்றார். யார் என்ன சொன்னாலும் பாதியாகக் கேட்பது பஜார் வழக்கம்.

"அத்தா, ரெண்டு நாள்ல ஏர்போர்ட்டத்தான் பாக்கலாம்" என்றாள் மகள்.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணு."

யாரிடம் பேரம் பேசினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தமான் ஒன்றும் விலையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

பிறகு காலம் பார்த்தோம். பாலைவனத்துக்குக் குளிர்காலம்தான் நல்லது. தீவுக்கும் அதுதான் நல்லது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகு போகாது. புதுச் சுக்கு பஜாருக்கு வரத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். பறவை, மீன், இஞ்சி மூன்றும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி இருந்தது. தீவுப் பூங்காவுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று மகள் படித்துச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "தீவுக்கு என்னத்துக்கு லீவு? நம்ம கடைக்கே லீவு கெடையாது." அதே மாதிரி, பாலைவனத்தில் விடியற்காலை குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும் என்றாள். கொச்சியில் ஸ்வெட்டர் கேட்டுப் பாருங்கள். கேட்டவளின் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

கடைசியில் முதலில் பாலைவனம், ஒரு மாதம் கழித்துத் தீவு என்று முடிவானது. யாருடைய ஆசை அவசரமானது என்று எங்கள் மூவருக்கும் தெரியும், அதனால் நான் விட்டுக்கொடுத்தேன். நான் எளிதில் விட்டுக்கொடுப்பவள் அல்ல என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஊர்க்காரர்களுக்கு இந்த அவசரம் தெரியாது, பைத்தியம் மட்டும்தான் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சேச்சியிடம் வாய் தவறித் தீவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "தீவு காணானோ? ஞான் தெவசவும் தீவில் நின்னல்லே வருன்னது!" தான் தினமும் தீவிலிருந்துதானே வருகிறேன் என்கிறார். அவர் வைப்பினிலிருந்து வருகிறவர், வைப்பின் தீவுதான். அந்தப் பக்கம் வெல்லிங்டன் தீவு, இந்தப் பக்கம் போல்கட்டி, நாங்கள் நிற்பதே முக்கால்வாசி தீவு. உப்புத் தண்ணீருக்கு நடுவில் பிறந்து, உப்புத் தண்ணீரைப் பார்க்க விமானம் ஏறுகிறவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று சேச்சியின் முகத்தில் எழுதியிருந்தது. அன்று மத்தி தரும்போது எனக்காக வருத்தப்பட்டு ஒரு கை கூடவே அள்ளிப் போட்டார்.

என் அண்ணனுக்கு வருத்தமே இல்லை, நேரடியாகக் கோபம். சுள்ளிக்கல்லில் இருக்கிறார். இருபது வயதில் வளைகுடாவுக்குப் போய், பாலைவனத்துக்குள் தண்ணீர் லாரி ஓட்டி, தலை நரைத்தபின் திரும்பி வந்தவர். எங்கள் குடும்பத்துக்குப் பாலைவனம் என்றால் அவர்தான். நாங்கள் தின்ற பேரீச்சை, என் கல்யாணத்துக்கு வந்த நகை, வீட்டுக்கு மேல் எழும்பிய மாடி, எல்லாம் மணலிலிருந்து வந்தவை. அந்த மணலைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறோம் என்றதும் போனிலேயே கத்தினார்.

"மணலா? எங்காதுக்குள்ள இன்னும் இருக்கு. வீட்டுக்கு வா, தட்டித் தர்றேன், பாத்துட்டுப் போ!"

காரணத்தைச் சொல்லியிருந்தால் அடங்கியிருப்பார். சொல்லக்கூடாது என்று உத்தரவு. நான் போனை வைத்துவிட்டு, அன்று முழுவதும் அகப்பைகளை எடுத்தெறிந்துதான் சமைத்தேன்.

இதுவரை நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இனி நடந்தது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மக்காவுக்கு ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர்கள், அண்டை அயலார், கூட வியாபாரம் செய்பவர்கள் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றங்குறைகளை மன்னிக்கச் சொல்லிக் கேட்பார்கள். இதைப் பொருத்தம் கேட்பது என்போம். நீண்ட பயணம், உயிரோடு திரும்புவது நம் கையில் இல்லை, மனத்தாங்கலோடு போகக்கூடாது என்பது ஏற்பாடு. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போக யாரும் பொருத்தம் கேட்பதில்லை. சுற்றுலாவுக்குக் கேட்டதாக உலகத்தில் எவரும் சொல்லக் கேள்விப்பட்டதில்லை.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, வீட்டில் இருக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு வர அவருடைய மாமி வீட்டுக்குப் போனோம். அவருடைய அத்தாவின் தங்கை, அடுத்த தெரு. நான் சாயா கிளாஸை வாயில் வைத்தபோது, இவர் நாற்காலியை இழுத்து மாமிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மாமியின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"மாமி, நாங்க ஒரு பயணம் போறோம். அறிஞ்சும் அறியாமலும் ஏதாவது செஞ்சிருந்தா பொருத்தப்படணும்."

சாயா எனக்குப் புரை ஏறிவிட்டது. மாமி அழ ஆரம்பித்தார். "அல்லா கபூலாக்கட்டும், போயிட்டு வாங்க மக்களே" என்று இவர் தலையைத் தடவினார். நான் இருமி முடித்து, "மாமி, அது வந்து..." என்று தொடங்குவதற்குள் மாமி எழுந்து உள்ளே போய், எனக்குத் தொழுகைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டார். அந்த வயதில் அழுதுகொண்டிருக்கும் ஒரு மனுஷியிடம், நாங்கள் பறவை பார்க்கப் போகிறோம் என்று யாரால் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை.

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "உங்களுக்கு என்ன ஆச்சு? யாராவது ஒட்டகம் பாக்கப் போறதுக்குப் பொருத்தம் கேப்பாங்களா?"

"வாய் தவறி வந்துருச்சு" என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன், உம்ராவுக்குப் போகிறோம் என்ற செய்தி வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, தன் மகனுக்கு வேலை கிடைக்க துஆ செய்யச் சொன்னாள். பஜாரில் இவரைக் கண்டதும் தரகர்கள் எழுந்து நின்றார்களாம். மக்காவிலிருந்து கொண்டுவரும் ஜம்ஜம் தண்ணீருக்கு மூன்று பேர் சொல்லிவைத்தார்கள். சாயாக்கடைக்காரர் இவரை ஹாஜியார் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். உம்ராவுக்குப் போனால் ஹாஜியார் ஆகமாட்டார்கள், அதுவும் ராஜஸ்தானுக்குப் போனால் நிச்சயம் ஆகமாட்டார்கள்.

பொய்யில் மாட்டிக்கொண்டோம் என்று எனக்குத் தூக்கம் போனது. எதிலெதிலோ விளையாடலாம், இதில் விளையாடக் கூடாது. திருத்தித்தான் ஆகவேண்டும் என்று நானே கிளம்பினேன். "உம்ரா இல்லை, ராஜஸ்தானுக்குத்தான் போறோம்" என்று வீடு வீடாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியின் முகம் ஒரு நிமிடம் வாடிப் பிறகு மலர்ந்தது. "ஓ! அஜ்மீருக்கா!"

ராஜஸ்தானுக்கு வேறு எதற்காக ஒரு முஸ்லிம் போவான்? அந்தக் கணமே துஆக்கள் எல்லாம் அஜ்மீருக்கு மாற்றிவிடப்பட்டன. ஜம்ஜம் கேட்டவர்கள் தர்காவில் வைத்த ரோஜாப்பூ கேட்டார்கள். அஜ்மீரும் இல்லை, அதற்கும் அப்பால், மணல்தான் இருக்கிறது, ஒரு பறவை இருக்கிறது என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடக்கத்தினால் மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். அடக்கம் என்று என்னைப் பற்றி ஊர் சொன்னது அந்த ஒரு வாரம்தான். பிறகு அந்தமானுக்கும் போகிறோம் என்று ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "அங்கே யாரோட தர்கா? எந்த அவுலியா அடங்கியிருக்காங்க?" என்று கேட்டாள். மீன்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது இவர்தான். ஒரு வீட்டில் வாய் தவறியது சரி. அதற்குப் பிறகும் தினமும் சாயங்காலம் கடையைப் பூட்டியதும் சட்டை மாற்றிக்கொண்டு, "இன்னிக்கு யார் வீட்டுக்கு?" என்று நிற்பார். மாமி வீட்டுக்குப் போய்விட்டு மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்களாம். போன இடத்தில் ஒவ்வொரு தடவையும் நாற்காலியை நேர் எதிரே இழுத்துப் போடுவார். கையைப் பிடிப்பார். பொருத்தம் கேட்பார். கேட்டு முடித்த பிறகும் கையை விடமாட்டார். சாயா ஆறிப் பாலாடை படியும். குழந்தைகளைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். அவர் சித்தப்பா மகனோடு ஒரு சுவர்த் தகராறில் பல வருடமாகப் பேச்சு இல்லை. அவன் வீட்டுக்கும் போனார். அவனும் ஹஜ் பயணி போல வந்து நிற்கிற மனிதனிடம் என்ன செய்வான், கட்டிப் பிடித்து அழுதான். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஊரையே அழவைக்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடைசி வீடு சுள்ளிக்கல்லில் என் அண்ணன் வீடு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போனோம். அண்ணனுக்கு உம்ரா கதை, அஜ்மீர் கதை எல்லாம் எட்டியிருந்தது. அவர் எதையும் நம்பவில்லை. மணலைப் பார்க்கப் போகிறோம் என்று நானே போனில் சொல்லியிருந்தேன், டிக்கெட் எந்த ஊருக்கு என்று மகளும் சொல்லியிருந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். இவர் வழக்கம்போல நேர் எதிரே போய், கையைப் பிடித்து, "மச்சான், பொருத்தப்படணும்" என்றதும் அண்ணன் கையை உதறினார்.

"வெளையாடுறீங்களா மச்சான்? நான் கேட்டேன் பொருத்தம். இருவது வயசுல கெளம்பும்போது அத்தா கையப் புடிச்சுக் கேட்டேன். திரும்பி வருவேனான்னு தெரியாது, அதான் கேட்டேன். நான் வந்தப்ப அத்தா இல்ல. அந்தக் கேள்விய நீங்க டூர் போறதுக்குக் கேட்டுட்டுத் திரியிறீங்களா, வீடு வீடா?"

நியாயமான கேள்வி. நான்கூட மனசுக்குள் அண்ணன் பக்கம்தான் இருந்தேன்.  பிறகு, யாருக்கும் தெரியக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்ட மனிதர், தானே சொன்னார்.

"நான் திரும்பி வந்துருவேன் மச்சான். அதுல சந்தேகமில்ல. வந்தப்புறம் உங்க மொகமெல்லாம் எனக்கு எவ்வளவு நாளைக்கு இருக்கும்னுதான் தெரியல. கண்ணு போயிக்கிட்டிருக்கு. ஓரமெல்லாம் போயிருச்சு. நேராப் பாத்தாத்தான் தெரியுது. சும்மா ஒருத்தர் வீட்டுக்குப் போயி மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா? கிறுக்கன்னு சொல்லுவாங்க. இதக் கேட்டாத்தான் எல்லாரும் நேரா பாப்பாங்க. ரொம்ப நேரம் பாக்க விடுவாங்க."

வாய் தவறவில்லை. முதல் வீட்டிலேயே தவறவில்லை. எதிரே இழுத்துப் போட்ட நாற்காலிகள், ஆறிப்போன சாயா, குழந்தைகளின் தாடை, எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. என்னிடமும் மறைத்திருக்கிறார். நானோ சாயா ஆறுகிறது என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அண்ணன் மனைவியிடம் தண்ணீர் கேட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். உதறிய கையை அவரே பிடித்திருந்தார். பேச்சு பாலைவனத்தைப் பற்றி.

"அங்க பக்கத்துல ஒண்ணுமே கெடையாது மச்சான். இடிச்சுக்க ஒரு தூண் கெடையாது. எல்லாம் தூரத்துலதான். நம்ம தெருவுல உங்களுக்கு ஆளு பாதிதான் தெரியும். அங்க ஒரு மைல் தள்ளி நிக்கிற ஒட்டகம் முழுசாத் தெரியும். உங்க கண்ணுக்கு அதுதான் சரியான எடம். நான்தான் புரியாமக் கத்திட்டேன்." பிறகு எழுந்து போய், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த தலைத்துணியை எடுத்துவந்து, மணல் அடித்தால் எப்படிக் கட்டவேண்டும் என்று அவர் தலையில் சுற்றிக் காட்டினார். சுள்ளிக்கல் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே என் கணவர் ஓர் அரபி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் சொன்னது சரி என்று அந்தப் பூங்காவுக்குப் போனபோது தெரிந்தது. ஜீப் ஓட்டியவர், நான், கூட வந்த இரண்டு பேர் எல்லோரும் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தோம். இவர் ஒரே திசையில் நேராகப் பார்த்துக்கொண்டே, "அதோ நிக்கிது" என்றார். வெகு தூரத்தில், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. எனக்கு அது ஒரு குச்சி போலத்தான் தெரிந்தது. பிறகு குச்சி நடந்தது. அந்தத் திசையில் பூமி எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி ரோஜாப்பூ எங்கே என்று கேட்டாள். தீவு இன்னும் பாக்கி. மகள் மறுபடியும் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். இவர் மறுபடியும் நாளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்தோம். குறுகலான சந்து. கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நடப்பேன். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினார்.

"எங்க இருக்க?"

"இங்கதான், பக்கத்துல."

"பக்கத்துல வேணாம். தெரியல. முன்னால நட."

நான் முன்னால் போனேன். தெருவில் அவருக்கு முன்னால் நடப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சேலை சரியாக இருக்கிறதா, எந்தக் கையை எப்படி வீசுவது, ஒன்றும் புரியவில்லை. வாயை மட்டும் அடக்க முடியவில்லை. திரும்பாமலேயே கேட்டேன்.

"ஊரெல்லாம் போயிக் கேட்டீங்க. எங்கிட்ட மட்டும் பொருத்தம் கேக்கலையே?"

"கூட வர்றவங்க கிட்ட யாரு கேப்பாங்க?" என்றார் பின்னாலிருந்து. "விட்டுட்டுப் போறவங்ககிட்டத்தான கேக்கணும்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் அழுவதைப் பார்த்துவிடுவார். நேர் எதிரே இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.